மீசை தப்பிய பந்தயம்

மூக்குத்திப்பாளையத்தில் புத்திசாலிகளே கிடையாது என்று சொன்னால் அது அபாண்டம். இருந்தார்கள். இருந்தவர்கள் எல்லாம் கோயமுத்தூருக்குக் குடிபோய்விட்டார்கள். மிச்சம் இருந்த நாங்கள் சேர்ந்து ஒரு ரிமோட் கார் பந்தயக் கழகம் ஆரம்பித்தோம்.

கழகத்தில் மொத்தம் நாலு பேர். தலைவர் சென்னியப்பன். மூன்று தலைமுறையாக ரேக்ளா வண்டி ஓட்டிய குடும்பம். காளைகளை விற்று நாலு வருஷம் ஆகிறது. காளை போனாலும் மீசை போகவில்லை. அந்த மீசை கன்னத்தைத் தாண்டி, காதையும் தாண்டி, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவருக்குப் பின்னால் நின்று பார்த்தாலும் தெரியும். பெற்ற தகப்பனின் காரியத்துக்குக்கூட எடுக்க மாட்டேன் என்று சொல்லி, ஊர் முழுக்க ஏச்சு வாங்கிக் காப்பாற்றிய மீசை அது.

ஓட்டுநர் திருமூர்த்தி. டவுன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு ஒரு முழ நீளக் கார் எம்மாத்திரம் என்று அவரைச் சேர்த்தோம். மெக்கானிக் நாச்சிமுத்து. பம்புசெட் ரிப்பேர் பார்ப்பவன். எங்களில் படிக்கிற பழக்கம் உள்ளவன் அவன் ஒருத்தன்தான். எதைப் படித்தாலும் அதை அப்படியே செய்வான். தொல்லையே அதுதான்.

நாலாவது ஆள் நான். எண்ணிக்கை அதிகாரி. கார் எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுவது என் வேலை. கழகத்துக் கார் ஒரு முழுச் சுற்றுகூட வந்ததில்லை என்பதால் எனக்கு நேரம் நிறைய இருந்தது. அதனால்தான் இந்தக் கூத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்க்க முடிந்தது.

வினை ஆரம்பித்தது ஒரு காதுகுத்து விசேஷத்தில். தலைவரின் மனைவி தெய்வாத்தாளுக்கு ஒரு தம்பி, கந்தவடிவேல். கோயமுத்தூரில் கார் சாமான் கடை வைத்திருக்கிறான். அவன் தன்னுடைய ரிமோட் காரைக் கொண்டுவந்து மண்டபத்து வாசலில் எட்டுப் போட்டுக் காட்டினான். உறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் சாப்பாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. தலைவருக்கு அது பொறுக்கவில்லை.

"இதென்ன பெரிய வித்தை? எங்ககிட்டயும் கார் இருக்குது. கழகமே இருக்குது."

"ரேக்ளாவுக்கு மாட்டு வாலை முறுக்குனாப் போதுமுங்க மச்சான். இதுக்குக் கொஞ்சம் மூளை வேணுமுங்க" என்றான் கந்தவடிவேல்.

தலைவர் மீசையை இரண்டு பக்கமும் முறுக்கினார். அப்படி முறுக்கினால் அடுத்து வாயிலிருந்து என்ன வரும் என்று அவருக்கே தெரியாது.

"அடுத்த மாசம் நீ ஓடற பந்தயத்துல நானும் ஓடறேன் மாப்ளே. உன்னைத் தோக்கடிக்கலைன்னா இந்த மீசையை எடுத்துடறேன்!"

"அப்பறம் அழிச்சாட்டியம் பண்ணக்கூடாது. அங்க கம்ப்யூட்டர்தான் எண்ணும். கம்ப்யூட்டர்ல யாரு பேரு மேல வருதோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்."

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த தெய்வாத்தாள் இலைக்கு மேலே கரண்டியை நிறுத்தினாள். "மீசையில்லாம ஊட்டு வாசல்ல வந்து நின்னீங்கன்னா நான் கதவைத் தொறக்கமாட்டேன். யாரோ எவரோன்னு வெரட்டி உட்டுருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

தலைவருக்கு அன்று பாயசம் இறங்கவில்லை. பாவம், அந்த மீசையைத் தவிர அவரிடம் தலைவர் என்று சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

மறுநாளே கோயமுத்தூர் போய், இந்தக் கார்கள் விற்கிற கடைக்காரரிடம் யோசனை கேட்டோம். நல்ல மனுஷன். மூன்று யோசனை சொன்னார். எங்களைப் பற்றித் தெரிந்திருந்தால் ஒன்றுகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

முதல் யோசனை, புது மோட்டாரை எடுத்த எடுப்பில் விரட்டக்கூடாது, கொஞ்ச நாள் மெதுவாகப் பழக்க வேண்டும் என்பது. பழக்குவது தலைவருக்குக் கைவந்த கலை. காருக்குக் கயிறு கட்டி, காலையும் மாலையும் ஊரைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். மேட்டில் ஏறும்போது "பைய, பைய" என்று அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். எதிரே மாடு வந்தால் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். எட்டாம் நாள் நடை முடிந்ததும் வாளியில் தண்ணீர் காட்டினார். அதோடு முதல் மோட்டார் செத்தது.

"குடிக்க மாட்டேன்னு அடம் புடிச்சுதுங்க. நான்தான் மூக்கை வாளிக்குள்ள அமுக்குனேன்" என்று அவரே சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

இரண்டாவது யோசனை, எடை குறைப்பது. ஒவ்வொரு கிராம் குறைந்தாலும் வேகம் கூடும் என்றார் கடைக்காரர். நாச்சிமுத்து காரைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாக மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தான். அவன் முடிக்கும் வரைக்கும் கடையில் ஒருத்தருக்கும் பருப்புக் கிடைக்கவில்லை.

"எது ரொம்பக் கனம்?" என்று கேட்டார் தலைவர்.

"பேட்டரிங்க. முந்நூறு கிராம்."

"கழட்டு அதை."

கழற்றினான். காரைக் கையில் எடுத்துப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருந்தது. ஆளுக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்துப் பூரித்துப் போனோம். கீழே வைத்து ரிமோட்டை அழுத்தினால் அசையவில்லை.

"இத்தனை எடை கொறைச்சும் ஏன் நவுர மாட்டேங்குது?"

"எளைச்சுப் போயிருக்குமுங்க. ஒரே நாள்ல முந்நூறு கிராம் கொறைச்சா யாருக்குத்தான் தெம்பு இருக்கும்?" என்றார் திருமூர்த்தி.

காருக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தோம். அப்புறமும் அசையவில்லை. கடைசியில் மனசில்லாமல் பேட்டரியைத் திரும்ப மாட்டினார்கள். ஆனால் போன முந்நூறு கிராம் திரும்பி வந்துவிட்டதே, அதை வேறு எங்கே குறைப்பது என்று அரை நாள் பேச்சு நடந்தது. தலைவர் கண்டுபிடித்தார்.

"ரேக்ளாவுல யாரை ஏத்துவோம்? ஒல்லியா இருக்கறவனைத்தானே ஏத்துவோம்? ஓட்டறவன் எடையும் கணக்குத்தான்!"

எல்லோரும் திருமூர்த்தியின் தொப்பையைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு மூன்று வேளையும் கம்மங்கூழ், அதுவும் அரை டம்ளர். இருபது நாளில் ஒன்பது கிலோ இறங்கினார். முந்நூறு கிராம் குறைந்திருந்தாலே போதும், ஒன்பதாயிரம் குறைந்துவிட்டது என்று தலைவர் கொண்டாடினார். "ஓட்டுறவர் காருக்கு அறுபது அடி தள்ளி நிக்கறாருங்களே" என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எண்ணுகிற வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார்கள்.

மூன்றாவது யோசனை, பந்தயத்துக்கு முன்னால் டயரைச் சூடாக்குவது. சூடாக இருந்தால்தான் தரையைப் பிடிக்குமாம். இதில் பேச்சுக்கே இடம் இருக்கவில்லை. தெய்வாத்தாளின் இட்லிச் சட்டியை எடுத்து, ஒரு குழிக்கு ஒன்றாக நாலு டயரையும் வைத்து மூடினார்கள். பத்து நிமிஷம் கழித்து நாச்சிமுத்து மூடியைத் திறந்து ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தான். குச்சியில் ஒன்றும் ஒட்டவில்லை. "வெந்துருச்சுங்க" என்றான்.

தெய்வாத்தாள் அந்தச் சட்டியைத் தெருவில் வீசியெறிந்த சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

இதெல்லாம் போக, ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கார் நம்மைவிட்டுப் போகும்போது அதன் வலது பக்கம் நமக்கும் வலது. அது திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது அதன் வலது பக்கம் நமக்கு இடது. இந்த விளையாட்டில் எல்லோரும் முதலில் தடுமாறுகிற இடம் இதுதான். ஒரு மாதம் ஓட்டினால் கை தானாகப் பழகிவிடும் என்கிறார்கள். எங்கள் ஆட்கள் பழகவில்லை. உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பஸ்ஸு எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கந்தான் நான் எப்பவும் பாத்து உக்காந்திருப்பேன். இங்க கார் ஒரு பக்கம் போவுது, நான் ஒரு பக்கம் பாக்கறேன். அப்பறம் எப்படிங்க சரியா வரும்?" என்றார் திருமூர்த்தி.

"அப்ப கார் போற பக்கம் நீயும் திரும்பிக்க" என்றார் தலைவர்.

"கார் என்னைப் பாத்து வந்தா?"

"அதுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காரு."

"அப்பறம் கார் எப்படிங்க தெரியும்?"

மூன்று பேரும் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்கள். அவர்கள் யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

"பஸ்ஸுல பின்னாடி வர்ற வண்டியை எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"கண்ணாடியில."

அவ்வளவுதான். ஒரு சுழல் நாற்காலி வந்தது. அதன் கைப்பிடியில் பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய பக்கக் கண்ணாடி ஒன்றைக் கம்பியால் கட்டினார்கள். திருமூர்த்தி ரிமோட்டோடு நாற்காலியில் உட்கார வேண்டும். கார் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் நாச்சிமுத்து நாற்காலியைத் திருப்ப வேண்டும். கார் முதுகுப் பக்கமாக வந்தால் கண்ணாடியில் பார்த்து ஓட்ட வேண்டும்.

சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த ஏற்பாடு வேலை செய்தது. முதல் தடவையாக எங்கள் கார் எதிலும் முட்டாமல் அரைச் சுற்று வந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீசையைத் தடவினார். "பொழைச்சுக்குவோம்டா" என்றார். அதற்குமேல் ஓட்டிப் பார்க்கவில்லை. ரேக்ளாக் காளையைப் பந்தயத்துக்கு முன்னால் களைப்பாக்கக் கூடாது அல்லவா?

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயமுத்தூருக்கு வெளியே ஒரு கார் நிறுத்துமிடத்தில். தரையில் குழாய்களைப் போட்டு வளைந்து வளைந்து பாதை அமைத்திருந்தார்கள். நடத்தியது யாழினி என்கிற பெண். கெட்டிக்காரி. அன்றைக்கு அவளுக்கு நேரம் சரியில்லை.

எந்தக் காரும் முதலில் ஒரு மரச்சட்டத்துக்குள் நுழைந்து வர வேண்டும். சட்டத்தின் அகலம் பத்தொன்பது சென்டிமீட்டர், உயரம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். அதைவிடப் பெரிய கார் ஓடக்கூடாது. ஜெயித்த கார் பந்தயம் முடிந்ததும் இன்னொரு தடவை நுழைந்து காட்ட வேண்டும். எங்கள் காரின் முன்பக்க பம்பர் இடித்தது. அங்கே எல்லோருக்கும் கொடுத்திருந்த விதித்தாளை நாச்சிமுத்து எடுத்துச் சத்தமாகப் படித்தான்.

"அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களை வெட்டி நீக்க வேண்டும்."

வளைந்த கத்தரியால் வெட்டினான். கார் நுழைந்தது. விதி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்து யாழினி ஆளுக்கொரு சின்ன டப்பி கொடுத்தாள். தீப்பெட்டியில் பாதி இருக்கும். "இது உங்களோட டப்பிங்க. பந்தயம் தொடங்கற கோட்டை இது தாண்டறப்பல்லாம் கம்ப்யூட்டர் ஒரு சுத்துன்னு எண்ணிக்கும். தொலைஞ்சா வேற கிடையாது. முடியற வரைக்கும் பத்திரமா வச்சுக்கங்க."

எங்கள் கூட்டம் ஓரமாகப் போய்க் கூடியது.

"பத்திரமா வெக்கோணுமாம். எங்க வெக்கறது?" என்றார் தலைவர்.

"மத்தவங்க கார்ல வெக்கறாங்க" என்றேன் நான்.

"கார்லயா? நம்ம கார் முட்டாத எடம் இருக்குதா? அதுல வெச்சா பத்திரமா?" என்று நாச்சிமுத்து என்மேல் பாய்ந்தான். "அதுவுமில்லாம அது அஞ்சு கிராம் கனம்."

திருமூர்த்திக்குப் பேசத் தெம்பில்லை. தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் ரேக்ளாக் காளைக்குத் திருஷ்டிக் கயிறு கட்டுகிற மாதிரி, டப்பியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துத் தலைவரின் வலது கணுக்காலில் கட்டினார்கள். அதைவிடப் பத்திரமான இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

பந்தயம் ஐந்து நிமிஷம். அதற்குள் யார் அதிகச் சுற்று வருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஊதல் ஒலித்தது.

எல்லாக் கார்களும் சீறிக்கொண்டு போயின. எங்கள் காரும் போனது. நாச்சிமுத்து நாற்காலியைத் திருப்பினான். திருமூர்த்தி கண்ணாடியைப் பார்த்தார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு, எல்லாம் தாண்டியது. இருபது நாள் கூழ் குடித்த மனிதரை வேகமாகச் சுழற்றினால் என்ன ஆகும் என்று கழகம் யோசிக்கவில்லை. நாலாவது வளைவில் திருமூர்த்தியின் கண் செருகியது. நாற்காலியிலிருந்து வழுக்கி ரிமோட்டின் மேலேயே குப்புற விழுந்தார். ரிமோட்டின் விசை அவர் வயிற்றுக்கடியில் மாட்டி முழுக்க அழுந்திக்கொண்டது.

கார் குழாயைத் தாண்டி, வேலிக்கு அடியில் புகுந்து, நேராகச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த சாக்கடையில் இறங்கியது. அவ்வளவு வேகமாக அது அதற்கு முன்னால் ஓடியதே இல்லை.

தலைவருக்கு உயிரே போய்விட்டது. ஓட்டுநர் விழுந்து கிடந்தது கோட்டுக்கு இந்தப் பக்கம். கார் மறைந்தது கோட்டுக்கு அந்தப் பக்கம். "ஏனப்பா எந்திரி! எந்திரிடா சாமி!" என்று திருமூர்த்தியிடம் ஓடுவார். "கார் எங்கடா? கார் வருதா?" என்று அந்தப் பக்கம் ஓடிப் பார்ப்பார். ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் மீசை. ஐந்து நிமிஷமும் அப்படியே கோட்டுக்குக் குறுக்கே அலைந்தார். நான் என் கடமையைச் செய்தேன். எங்கள் கார் வந்தது முக்கால் சுற்று என்று எழுதிக்கொண்டேன்.

ஊதல் மறுபடி ஒலித்தது. திரையில் முடிவு வந்தது.

முதலிடம், மூக்குத்திப்பாளையம், முப்பத்தொரு சுற்று. இரண்டாமிடம், கந்தவடிவேல், பதினைந்து சுற்று.

கூட்டமே வாயைப் பிளந்தது. எங்கள் ஆட்கள் மட்டும் அதிசயப்படவில்லை.

"முக்கால் சுத்துன்னு எழுதியிருக்கறே. ஒரு எண்ணிக்கைகூட உன்னால ஒழுங்கா எண்ண முடியாதா?" என்று தலைவர் என்னைத்தான் திட்டினார்.

கந்தவடிவேல் குதித்தான். "இது அநியாயமுங்க! இவங்க கார் சாக்கடையில கெடக்குது!"

"கம்ப்யூட்டர்ல யாரு பேரு மேல வருதோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்வளவுதான். நீ சொன்னதுதானே மாப்ளே?" தலைவர் மீசையை முறுக்கினார். அந்த முறுக்கில் ஒரு மாதத்துப் பயம் முழுக்க இறங்கிப் போனதை நான் பார்த்தேன். அதுதான் அந்த மீசையின் கடைசி முறுக்கு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

யாழினி வந்தாள். தலைவரின் கணுக்காலைப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயா, டப்பி இருந்தது உங்க கால்ல. கம்ப்யூட்டர் எண்ணுனது உங்களைத்தான். ஜெயிச்சது கார் இல்லீங்க."

"அப்ப நானா ஜெயிச்சேன்?" தலைவரின் முகம் மலர்ந்தது. "நானேவா?"

"ஜெயிச்ச வண்டி சட்டத்துக்குள்ள நுழைஞ்சு வரணும். நீங்கதான் வண்டின்னா நீங்களே நுழைஞ்சு காட்டுங்க பாப்போம்!" என்று எரிச்சலில் சொல்லிவிட்டு அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போய்விட்டாள்.

எரிச்சலில் சொன்னது என்று வேறு யாருக்கும் விளங்கியிருக்கும்.

"நியாயந்தானுங்க. விதின்னா விதிதானுங்க அம்மணி" என்று அவள் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தலைவர் சட்டத்தின் முன்னால் முட்டி போட்டார். மயக்கம் தெளிந்த திருமூர்த்தி தவழ்ந்து வந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். முதலில் முன்பாகம் நுழைய வேண்டும் என்று முடிவாயிற்று. தலைவர் தலையைக் கொடுத்தார். உச்சி நுழைந்தது. நெற்றி நுழைந்தது. அதோடு நின்றது. மீசை இரண்டு பக்கமும் பலகையில் இடித்தது.

"அகலம் ஜாஸ்திங்க" என்றான் நாச்சிமுத்து.

"மடக்கி மேல தூக்கிப் பாரு."

"மேலயும் இடிக்குதுங்க."

நாச்சிமுத்து விதித்தாளை எடுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களை வெட்டி நீக்க வேண்டும்."

தலைவர் சட்டத்துக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டார். "ஏம்ப்பா, தோத்தா மீசையை எடுக்கறதாத்தானே பேச்சு? இப்ப எடுத்தா தோத்த மாதிரி ஆயிராது?"

மூவரும் யோசித்தார்கள்.

"அது எப்படிங்க ஆகும்? அது தோத்து எடுக்கறது. இது ஜெயிச்சு எடுக்கறது" என்றார் திருமூர்த்தி.

"அதுவுமில்லாம, இப்ப எடுக்கலைன்னா சட்டத்துல நுழைய முடியாது. நுழையலைன்னா தோத்துருவோம். தோத்தா மீசை போயிரும்" என்றான் நாச்சிமுத்து. "மீசையைக் காப்பாத்தோணும்னா மீசையை எடுத்துத்தானுங்க ஆகோணும்."

தலைவருக்கு அது விளங்கியது. எனக்குத்தான் தலை சுற்றியது. வளைந்த கத்தரி இரண்டு தடவை வெட்டியது. மிச்சமிருந்ததை, பந்தயத்தை நம்பிக் கந்தவடிவேல் கொண்டுவந்திருந்த சவரக்கத்தியால் திருமூர்த்தி சுத்தமாக வழித்துவிட்டார். தலை காதையும் தாண்டி உள்ளே போய், கழுத்தில் நின்றது. தோள் நுழையவில்லை. அதற்குள் திரும்பி வந்து பார்த்த யாழினி ஒரு சத்தம் போட்டாள். கந்தவடிவேல் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"போதுமுங்க மச்சான்! நீங்களே ஜெயிச்சீங்க! நான் தோத்துட்டேன்! எழுதியே தர்றேன்!"

அதைக் கேட்டுவிட்டுத்தான் தலைவர் தலையை வெளியே எடுக்க முயன்றார். காது இடித்தது. நாச்சிமுத்து மறுபடி விதித்தாளைத் தேட ஆரம்பித்ததும், தலைவர் சட்டத்தோடேயே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்.

மத்தியானம் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினோம். தெய்வாத்தாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கழுத்தில் மரச்சட்டத்தோடு, முகத்தில் ஒன்றுமில்லாமல் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார்.

"யாருங்க அது?"

"நாந்தான் தெய்வாத்தா. கதவைத் தொற. ஜெயிச்சுட்டேன்."

"எங்கூட்டுக்காரரு ஜெயிச்சிருந்தா மீசை இருக்குமே."

"இருக்குதே!" தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து ஜன்னலில் நீட்டினார். "பத்திரமாக் கொண்டாந்திருக்கேன். ஒரு முடிகூடக் கொறையலை. வேணும்னா எண்ணிப் பாத்துக்க."

அவள் பொட்டலத்தை வாங்கவில்லை. கதவையும் திறக்கவில்லை. தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். நாச்சிமுத்துவும் பார்த்தான். திருமூர்த்தியும் பார்த்தார். கழகத்துக்கு எண்ணிக்கை அதிகாரி என்று ஒருத்தன் வேறு எதற்கு இருக்கிறான்?

நான் வாசல் படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து எண்ணினேன். ஆயிரத்து நூற்றுப் பதினாறு. முதலில் எத்தனை இருந்தது என்று யாருக்கும் தெரியாததால், சரிபார்ப்பதற்காக இன்னொரு தடவை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.